டேப் செட், மரை கேஜ்: எதை வாங்கலாம், எதை விடலாம்

டேப் என்றால் துளைக்குள் போல்ட்டுக்கான மரை வெட்டுகிற கருவி. எம்3 முதல் எம்12 வரை (3 முதல் 12 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் மரைகள்) ஒரே பெட்டியில் வருகிற கார்பன் ஸ்டீல் டேப் செட்டையும், தனித்தனியாக வாங்கிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டேப்களையும் ஒரே மாதிரி வேலையில் போட்டுப் பார்த்தாச்சு. பெட்டி செட் வேண்டாம். அடிபட்ட பழைய மரையைச் சரிசெய்ய, அலுமினியத்தில் எப்போதாவது ஒரு துளைக்கு, அவ்வளவுதான் தாங்கும். மைல்டு ஸ்டீலில் சீக்கிரமே முனை மழுங்கி, ஹேண்டிலைத் திருப்பும்போது ஒரு கிறுகிறுப்பு கையில் தெரியும், அதுக்கப்புறமும் அழுத்தித் திருப்பினால் டேப் துளைக்குள்ளேயே ஒடிந்துவிடும், மரை வெட்டுகிற பொருளும் போச்சு. அடிக்கடி பயன்படுகிற மூன்று நான்கு அளவை மட்டும் நல்ல எச்.எஸ்.எஸ்.ஸில் வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை என்றால் கோபால்ட் கலந்தது.

கை டேப் பெரும்பாலும் மூன்று மூன்றாகத்தான் வரும், ஆனால் எல்லா செட்டும் ஒன்றல்ல. ஐஎஸ்ஓ 529 என்கிற சர்வதேசத் தர வகையில் மூன்றுக்கும் விட்டம் ஒன்றுதான், முனைச் சரிவின் நீளம் மட்டும் மாறும். ஊடுதுளைக்கு முதல் டேப்பே போதும். டின் 352 என்கிற ஜெர்மன் தர வகையில் முதல் இரண்டும் அளவில் குறைவு, மூன்றாவது ஓடினால்தான் மரை முழு அளவுக்கு வரும். தண்டைப் பாருங்கள்: ஒரு வளையம் முதல் டேப், இரண்டு வளையம் அடுத்தது, வளையமே இல்லாதது கடைசி. இது தெரியாமல் இரண்டோடு நிறுத்திவிட்டு போல்ட் இறங்கவில்லை என்று டேப்பைத் திட்டுபவர்கள் நிறைய.

மெஷினில் ஓட்டுவதென்றால் ஊடுதுளைக்கு ஸ்பைரல் பாயிண்ட், அது வெட்டுப்படும் உலோகச் சீவலை முன்னால் தள்ளும். அடி மூடிய துளைக்கு ஸ்பைரல் ஃப்ளூட், அது சீவலை மேலே இழுக்கும். மாற்றிப் போட்டால் அடியில் சீவல் அடைத்துக்கொள்ளும்.

டேப்புக்கு முன் போடும் துளைக்கான டிரில் கணக்கு சுலபம், மரையின் விட்டத்திலிருந்து பிட்சை (அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையிலான தூரம்) கழித்தால் போதும். எம்6-க்கு 5, எம்10-க்கு 8.5. எம்8-க்கு கணக்கில் 6.75 வரும், 6.8 போட வேண்டும். 6.5 கையில் இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள், 6எச் (உள்மரைக்கு வழக்கமான துல்லிய வகுப்பு) மரைக்கு உள்விட்டம் 6.647-இலிருந்து 6.912 மி.மீ. வரை இருக்கணும், துளை அதைவிடச் சிறிதானால் டேப்புக்குத்தான் மொத்தச் சுமையும்.

இனி கேஜ். இலை இலையாக விரிகிற பிட்ச் கேஜ் கட்டாயம் வேண்டும், விலைக்குத் தகுந்த பொருள். ஆனால் அது பிட்ச் எவ்வளவு, மரையின் கோணம் எது என்று மட்டும்தான் சொல்லும். 60 டிகிரி மெட்ரிக் இலையும் 55 டிகிரி விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல மரை) இலையும் இரண்டும் உள்ளதாக வாங்குங்கள். கால் அங்குல விட்வொர்த்தும் யுஎன்சியும் (60 டிகிரி அமெரிக்க அங்குல மரை) இரண்டுமே அங்குலத்துக்கு 20 மரை, எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பக்கவாட்டில் கசிகிற ஒளி காட்டிக்கொடுக்கும்.

மரை சரியா என்று தீர்ப்புச் சொல்வது கோ, நோ-கோ பிளக் கேஜ்தான், அதாவது இரு முனையிலும் மரையுள்ள, துளைக்குள் திருகிப் பார்க்கிற கேஜ். கோ முனை கடைசிவரை தடையில்லாமல் இறங்க வேண்டும். நோ-கோ இரண்டு சுற்றுக்கு மேல் உள்ளே போகக் கூடாது, போனால் அந்தத் துளை கழிவு. புது போல்ட்டைச் சொருகிப் பார்த்துவிட்டு சரி என்பதை என்னால் ஏற்க முடியாது, தளர்ந்த மரையிலும் போல்ட் அழகாக இறங்கும். டேப்புக்குச் செலவழிப்பவர்கள் இந்த கேஜில்தான் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள், அது வருத்தமாக இருக்கிறது. வாங்கினால் சீவலையும் எண்ணெயையும் துடைத்துவிட்டு, துளை ஆறின பிறகு போடுங்கள், விரல் பலம் மட்டும் போதும், ஸ்பேனர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.