காற்றடைத்த ஸ்பாவும் கூரைத் தண்ணீரும்: சிட்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

சிட்னியில் 2019 டிசம்பர் 10 அன்று இரண்டாம் கட்டத் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்து, தோட்டத்துக்கு ஹோஸ் பிடித்தாலே தனிநபருக்கு 220 டாலர் அபராதம் என்றான வேளையில், 800 லிட்டர் கொள்ளும் காற்றடைக்கும் ஸ்பா (வெந்நீர்க் குளியல் தொட்டி) ஒன்று என் வீட்டுக் கார் ஷெட்டில் பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தது. குளிர்காலத் தள்ளுபடியில் வாங்கியது. குழாய்த் தண்ணீரில் அதை நிரப்ப மனம் ஒப்பவில்லை; மழைநீருக்குக் கட்டுப்பாடு இல்லை என்பதால், கொல்லைப்புறத்து 3,000 லிட்டர் மழைநீர்த் தொட்டியை நம்பிக் காத்திருந்தேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 2004-க்குப் பிறகு இம்மாநிலத்தில் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில், மழைநீர்த் தொட்டியின் மட்டம் இறங்கியதும் கழிவறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் குழாய்த் தண்ணீர் தானாகவே மாறி வரும்படி அமைத்திருப்பார்கள். அப்படி வரும் தண்ணீர் மழைநீர்க் கணக்கில் சேராது என்பதால், முதலில் அந்த வால்வை மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

அந்தக் கோடையின் காட்டுத்தீயில் கூரையெங்கும் சாம்பல் படிந்திருந்தது. முதல் மழை ஒதுக்கும் குழாய் பிடித்துவைக்கும் இருபது, முப்பது லிட்டர் அதைக் கழுவப் போதாது என்பதால், ஜனவரியில் பெய்த சிறு மழையைத் தொட்டிக்குள் விடாமல், இறங்குகுழாயைக் கழற்றித் தரையிலேயே ஓடவிட்டேன். பிப்ரவரி 7 முதல் 10 வரை நான்கு நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர் என்பது கணக்கு. 120 சதுர மீட்டர் கூரைக்குத் தொட்டி நிரம்ப 25 மில்லிமீட்டரே போதுமானதால், மீதியெல்லாம் தெருவோரக் கால்வாய்க்குப் போனதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அணைகள் வேகமாக ஏறிய பிறகும் இரண்டாம் கட்டம் மார்ச் 1 வரை நீடித்தது தனி வேடிக்கை.

நான்காக மடித்த பழைய வேட்டித் துணியைக் குழாய் முனையில் கட்டி ஸ்பாவை நிரப்பினேன். துணியில் யூகலிப்டஸ் இலைத்துணுக்குகளும் மைபோன்ற கசடும் தங்கின. ஆனால் இலைச்சாறு எந்தத் துணியிலும் நிற்காது. ஸ்பாவுக்குள் தண்ணீர் வெளுத்த தேநீர் போலத் தெரிந்தது. குளோரின் போட்ட இரண்டாம் நாள்தான் நிறம் போயிற்று.

பொருளின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை இங்கேதான் வருகிறது. அதன் கையேடு குழாய்த் தண்ணீரை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மழைநீர் சப்பைத் தண்ணீர். சற்றே அமிலமானது, சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய இல்லாதது, பிஎச் எனும் அமில-கார அளவைத் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மையும் அதில் கிடையாது. கையேட்டை நம்பி பிஎச் ஏற்றும் பொடியை ஒரு தேக்கரண்டி போட்டதும் சோதனைத் தாள் 6-லிருந்து 8-ஐத் தாண்டியது. இறக்கும் பொடியைப் போட்டால் மறுபடி 6-க்குக் கீழே போயிற்று. ஒரு மாலைப் பொழுது முழுவதும் இந்த ஊஞ்சலாட்டத்திலேயே கழிந்தது.

செய்ய வேண்டியது வேறு. முதலில் சமையல் சோடா: 800 லிட்டருக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல் போட்டால் காரத்தன்மை 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு) அளவுக்கு உயரும். பிறகுதான் பிஎச் அளவை 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிறுத்த வேண்டும். அதன் பின் கால்சியம் குளோரைடு போட்டுக் கடினத்தன்மையை 150 பிபிஎம் வரை கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் நுரை தள்ளும், ஹீட்டரின் உலோகத்தையும் நாளடைவில் அரிக்கும். சமனற்ற தண்ணீரால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று பொடியெழுத்தில் அச்சிட்டவர்கள், சமன்படுத்தும் முறைக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம். குளோரினை 3 முதல் 5 பிபிஎம்-க்குள் வைத்தேன். கூரைத் தண்ணீரில் பறவை எச்சமும் கலந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் தோல் தடிப்பு உண்டாக்கும் கிருமிகள் விரைவாகப் பெருகும்.

மற்றபடி ஸ்பா நன்றாகவே இருக்கிறது. 2 கிலோவாட் ஹீட்டர் 22 டிகிரித் தண்ணீரை 38-க்குக் கொண்டுவரப் பத்து மணி நேரம் எடுத்தது. மீட்டரில் 18 யூனிட் ஓடியிருந்தது. மூடியின் காற்றுப்பை இறுக்கமாகப் பொருந்துவதால் இரவில் சூடு அதிகம் இறங்குவதில்லை. ஐந்து பேர் உட்காரலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். மூன்று பேர் கால் நீட்டினால் நிரம்பிவிடும்.

வடிகட்டி மட்டும் மழைநீருக்குப் போதாது. முதல் வாரத்தில் தினமும் கழுவியும் மடிப்புகளுக்குள் பழுப்பு படிந்ததால், இரண்டு உதிரிகள் வாங்கிவைத்துக்கொண்டேன். தண்ணீரைக் காலி செய்யும் அடாப்டர் இங்குள்ள ஹோஸ் முனையில் பொருந்தவில்லை என்பதால், மூன்று மாதம் கழித்து அத்தனை லிட்டரையும் வாளியால் மொண்டுதான் சாக்கடைக் குழாயில் ஊற்றினேன். ஐந்துக்கு மூன்றரை.