ராஷி உரையோடு தோரா: சில ஆண்டு வாசிப்புக்குப் பிறகு

தோரா என்பது யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்கள், அதாவது ஐந்தாகமம். அதற்கு ஒரே ஓர் உரைதான் வாங்க முடியும், எதை வாங்கலாம் என்று கேட்டால் தயங்காமல் ராஷி என்பேன். எபிரேய மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்த ஐந்து தொகுதிப் பதிப்பைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். யூதர்கள் ஐந்தாகமத்தை 54 பகுதிகளாகப் பிரித்து, வாராவாரம் வாசித்து ஓராண்டில் முடிப்பார்கள். நானும் அந்த வரிசையிலேயே போகிறேன்.

ராஷி என்பது ரபி (யூத மத ஆசிரியர்) ஷ்லோமோ இட்சாகி என்ற பெயரின் சுருக்கம். 1040இல் வட பிரான்சின் த்ருவா நகரில் பிறந்து, ஜெர்மனியின் மைன்ஸ், வோர்ம்ஸ் நகரங்களில் படித்து, ஊர் திரும்பி 1105இல் இறந்தவர். யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதின் பெரும்பகுதிக்கும் அவர் உரை உண்டு. அவர் படித்த அந்த இரண்டு ஊர்களின் யூதர்களும் 1096இல் சிலுவைப்போர்க் கும்பல்களால் கொன்று குவிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தியைக் காதில் வாங்கிய மனிதர் இவர் என்பது வாசிக்கும்போது அடிக்கடி நினைவுக்கு வரும்.

ஆரம்பத்தில் உரை பிடிபடாது. அவ்வளவு சுருக்கம். வசனத்திலிருந்து ஒரு சொல்லை எடுப்பார், ஒரு வரி சொல்வார், அடுத்ததற்குப் போய்விடுவார். ஏன் இந்த இடத்தில் பேசினார் என்று சொல்ல மாட்டார். இதற்கு யூத ஆசிரியர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: "இங்கே ராஷிக்கு என்ன இடறுகிறது?" என்று மாணவர்களைக் கேட்பார்கள். இப்போது நான் முதலில் வசனத்தை மட்டும் படித்து, எங்கே இடறுகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் உரைக்குப் போகிறேன். அதற்குப் பிறகு இந்தப் புத்தகம் எனக்கு வேறு புத்தகமாகிவிட்டது.

ஆதியாகமம் 22ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மகனைப் பலியிடச் சொல்லும் கடவுள், உன் மகனை, உன் ஒரே மகனை, நீ நேசிக்கிறவனை, ஈசாக்கை என்று அடுக்குகிறார். ஒருவனைச் சொல்ல இத்தனை சொற்கள் எதற்கு? பழைய ரபிமாரின் மரபைப் பின்பற்றி ராஷி இதைக் கடவுளுக்கும் ஆபிரகாமுக்கும் நடக்கும் உரையாடலாக்குகிறார். "உன் மகனை." எனக்கு இரண்டு மகன்கள். "உன் ஒரே மகனை." இவன் இவன் தாய்க்கு ஒரே மகன், அவன் அவன் தாய்க்கு ஒரே மகன். "நீ நேசிக்கிறவனை." இருவரையும் நேசிக்கிறேன். "ஈசாக்கை." எடுத்த எடுப்பிலேயே பெயரைச் சொன்னால் ஆபிரகாமின் மனம் கலங்கிவிடும் என்பதற்காகத்தான் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார் என்கிறார். எத்தனையோ முறை கேட்ட கதை; அதில் ஆபிரகாமின் இன்னொரு மகன் இஸ்மவேலும் இருக்கிறான், ஒரு தகப்பன் வார்த்தைக்கு வார்த்தை நேரம் கடத்தப் பார்க்கிறான் என்று எனக்குக் காட்டியது இந்த நான்கு வரிதான்.

குறைகளும் உண்டு. வசனத்தின் நேர்ப்பொருளும், அதோடு பொருந்தும் மரபுக் கதைகளுமே தன் நோக்கம் என்று ஆதியாகமம் 3:8இல் சொல்கிறார். ஆனால் எது எங்கே முடிகிறது என்று எப்போதும் பிரித்துக் காட்டுவதில்லை. புதிதாக வருபவர் கதையையும் வேதத்தின் பகுதி என்று எண்ணிவிடலாம். ஈசாக்கின் மூத்த மகன் ஏசாவின் விஷயத்தில் இது எனக்கு உறுத்துகிறது. உப்புக்கும் வைக்கோலுக்கும் எப்படித் தசமபாகம் (பத்தில் ஒரு பங்குக் காணிக்கை) கொடுப்பது என்று கேட்டு, பக்திமான்போல் நடித்துத் தகப்பனை ஏமாற்றியவன் என்கிறது உரை. வசனத்தில் அப்படி எதுவுமே இல்லை.

இருந்தாலும் இவரை நம்பத் தோன்றுவதற்குக் காரணம் ஆதியாகமம் 28:5. ரெபெக்காளை "யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாய்" என்று அங்கே மறுபடி ஏன் சொல்ல வேண்டும்? "இது நமக்கு என்ன கற்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு நகர்கிறார். பேசாமல் தாண்டிப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பேரன் ரஷ்பாம் இன்னொன்றைப் பதிவு செய்திருக்கிறார்: தாத்தாவோடு வாதாடினாராம், நாளுக்கு நாள் புதிதாகத் தோன்றும் நேர்ப்பொருள்களின்படி வேறு உரைகள் எழுத வேண்டும், நேரம்தான் இல்லை என்று தாத்தா ஒப்புக்கொண்டாராம்.

வாங்குபவர்களுக்குச் சில விஷயங்கள். ராஷி எழுத்து என்று சொல்லப்படும் அச்செழுத்து அவருடைய கையெழுத்து அல்ல. 1475இல் இத்தாலியின் ரெஜியோ டி கலாப்ரியாவில் இந்த உரையை அச்சிட்டபோது பயன்படுத்திய செபராது (ஸ்பானிய யூத மரபு) எழுத்து வடிவம் அது. மூலத்தில் வாசிக்க நினைத்தால் மட்டும் கற்றால் போதும். அவர் எபிரேய எழுத்தில் எழுதிவைத்த பழைய பிரெஞ்சுச் சொற்களைச் சில மொழிபெயர்ப்புகள் விட்டுவிடுகின்றன, பார்த்து வாங்குங்கள். இலக்கணக் குறிப்புகள் எந்த மொழிபெயர்ப்பிலும் பாதிதான் வருகின்றன. என் பதிப்பின் முதல் தொகுதி தையல் விட்டுவிட்டது, தாளும் மெல்லியது. இணையத்தில் இலவசமாகவே கிடைப்பதால் சில வாரம் அங்கே வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

பழகிய பிறகு ரம்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1194இல் ஸ்பெயினின் ஜெரோனாவில் பிறந்த இன்னொரு தோரா உரையாசிரியர். ராஷியை மதித்துக்கொண்டே மறுப்பவர். ராஷியைத் தொடங்கும்போது மட்டும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் தொடங்க வேண்டாம். அங்கே முதல் வசனத்திலேயே உரை நீண்டு, தோரா ஏன் இஸ்ரவேலருக்கு முதல் கட்டளை வரும் யாத்திராகமம் 12இல் தொடங்கவில்லை என்ற விவாதத்துக்குள் போய்விடும். ஆபிரகாம் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள், சரியாக இருக்கும்.