விமானப் படிப்புக்குக் கடன் வாங்கும் முன்: அந்தச் 'சராசரிச் சம்பளம்' யாருடையது?

பைலட் பயிற்சியோடு சேர்ந்த ஏவியேஷன் பட்டப்படிப்புக்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறீர்களா? பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். நான் யோசிக்காமல் போட்டவன்.

அட்மிஷன் அறையில் எங்கள் முன் நகர்த்தியது லேமினேட் செய்த ஒரே தாள். இடப்பக்கம் மொத்தக் கட்டணம், வலப்பக்கம் 'எங்கள் பட்டதாரிகளின் சராசரி ஆண்டுச் சம்பளம்'. "ரெண்டு வருஷச் சம்பளம் சார், கடன் முடிஞ்சிடும்" என்றார் எதிரே இருந்தவர். அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சம்பளத்தின் தலையில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி இருந்தது. விளக்கம் பின்பக்கத்தில். லேமினேட் தாளை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

பின்பக்கத்தில் இரண்டே வரி. கட்டணத்தில் குறைந்தபட்சப் பறக்கும் நேரம் மட்டுமே அடக்கம். சம்பளக் கணக்கு, கேட்டபோது பதில் சொன்னவர்களை மட்டும் வைத்துப் போட்டது. இந்த இரண்டு வரிதான் எங்களை விழுங்கியது.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். சர்வதேச அளவுகோல்படி வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சித் திட்டம் என்றால் 150. அது பரீட்சைக்கு உட்கார வைக்கும் கணக்கு, பாஸ் ஆக வைக்கும் கணக்கு இல்லை. நாங்கள் பயிற்சி எடுத்த செஸ்னா என்ற சின்ன விமானத்தில், பறந்த நேரத்தைக் கணக்கிட ஹாப்ஸ் என்று ஒரு மீட்டர் இருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கினால் 6 நிமிடத்துக்கு ஒருமுறை கடைசி இலக்கம் ஒன்று உருளும். ஒருநாள் ஓடுபாதை ஓரத்தில், முன்னால் நின்ற பெரிய விமானங்கள் கிளம்பும்வரை காத்திருந்தேன். தரையில் நின்றபடியே அந்த இலக்கம் நான்கு முறை உருண்டது. அதற்கும் காசுதான். இதற்கிடையே விமானம் 100 மணி நேரச் சோதனைக்காக ஹேங்கருக்குள் போய்விட்டால் வாரக்கணக்கில் பறக்க முடியாது. திரும்பி வந்து உட்கார்ந்தால் கை தடுமாறும், பழைய பாடத்தையே மறுபடி பறக்கச் சொல்வார்கள். அந்தக் கூடுதல் மணி நேரங்களுக்காகவே இரண்டாவது கடன் வாங்கினோம்.

இதில் பாவம், என் வகுப்புத் தோழன் ஒருவன். இரண்டாம் ஆண்டில்தான், வணிக விமானிக்குக் கட்டாயமான 'கிளாஸ் 1' மருத்துவச் சோதனைக்குப் போனான், நிறப்பார்வையில் தேறவில்லை. கட்டிய பணம் திரும்பவில்லை. அந்தச் சோதனையைப் பணம் கட்டும் முன்பே எடுத்திருக்கலாம் என்று அங்கே ஒருவர்கூட அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு சீட் போய்விடுமே!

அடுத்தது சம்பளம். படிப்பு முடிந்த பிறகு, அங்கேயே பயிற்றுநராக இருந்த சீனியர் ஒருவரிடம் அந்தச் சராசரி எப்படி வந்தது என்று கேட்டேன். சிரித்தார். "தம்பி, அந்த பேட்ச்ல பதில் சொன்னதே பதினோரு பேர். அதுல ரெண்டு பேர் ஏற்கெனவே ஏர்லைன்ல பறந்துக்கிட்டே பட்டத்துக்காகச் சேர்ந்தவங்க." அந்த இருவரின் சம்பளம்தான் தாளில் இருந்த எண்ணைத் தூக்கிப் பிடித்திருந்தது. சராசரியைக் காட்டினால் நம்பாதீர்கள், சம்பள வரிசையில் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை பேரில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள், படிப்பு முடிந்த முதல் ஆண்டா பத்தாம் ஆண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பட்டம் இருந்தால் ஏர்லைனில் சீக்கிரம் எடுப்பார்கள் என்றும் சொன்னார்கள். அமெரிக்காவில் அதற்கு ஓர் அடிப்படை உண்டு. 2013 முதல் அங்கே துணை விமானிக்கே பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும்; அங்கீகாரம் பெற்ற விமானப் பட்டம் இருந்தால், சில நிபந்தனைகளோடு, 1000 போதும். அந்தச் சலுகை உலகம் முழுக்க இருப்பதுபோல் எங்களிடம் விற்றார்கள். நான் விண்ணப்பித்த இடங்களில் கேட்டது உரிமத்தை, பறந்த மணி நேரத்தை, 737 அல்லது ஏ320 போன்ற குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங்கை. பட்டச் சான்றிதழ் ஃபைலிலேயே கிடந்தது. டைப் ரேட்டிங்குக்கு மறுபடி தனிச் செலவு.

படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் விழும் இந்த இடைவெளியெல்லாம் கடனுக்குத் தெரியாது. 100 வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டு வட்டி, 4 ஆண்டு ஒன்றும் கட்டவில்லை என்றால் 146 ஆகிவிடும். அதை மாதத் தவணையில் 10 ஆண்டு கட்டி முடிக்கும்போது கையைவிட்டுப் போயிருப்பது ஏறக்குறைய 232. தவணை தவணையாகக் கடன் வாங்கினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். "ரெண்டு வருஷச் சம்பளம்" என்றவர் வட்டியையும் சேர்க்கவில்லை, நாங்கள் சோறு தின்போம் என்பதையும் சேர்க்கவில்லை.

என் உரிமம் கைக்கு வந்த கொஞ்ச நாளில் 2020 மார்ச். உலகம் முழுக்க விமானங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன, ஆளெடுப்பு நின்றது. அது கல்லூரியின் குற்றமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தத் தொழிலில் இப்படி வேலை வற்றிப்போகும் காலம் வரும் என்பதை அந்தத் தாள் ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். வேலையில்லாத அந்த இரண்டரை ஆண்டில் வெளியே பார்க்க முடியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியானது. புதுப்பிக்க மீண்டும் காசு கொடுத்துப் பறந்தேன்.

அந்த நாட்களில் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு போன் வந்ததில்லை. இப்போது ஏர்லைனில் துணை விமானியாக இருக்கிறேன். போன மாதம் கூப்பிட்டார்கள். "வாழ்த்துகள் சார், பழைய மாணவர் கணக்கெடுப்பு எடுக்கிறோம். இப்ப எவ்வளவு வாங்குறீங்க?"