இறம்பொடை வளைவுகளும் ஓப்பன்டிரைவும்: மூன்று வருடப் பழக்கம்

கம்பளையில் நண்பர் நடத்தும் சாரதிப் பயிற்சி நிலையத்தில் ஒரு சிமுலேட்டர் இருக்கிறது: பெரிய திரை, ஸ்டீயரிங், மூன்று பெடல்கள். அதில் ஓடும் வீதியை வரைந்து பராமரிப்பது என் வேலை. இலங்கை மலைநாட்டில் இறம்பொடையிலிருந்து லபுக்கலைக்கு ஏறும் ஏ5 வீதி அது.

முதலில் ஒரு வணிக மென்பொருளில் வரைந்தோம். உரிமத்தைப் புதுப்பிக்கக் காசில்லாமல் போன நாளில் எட்டு மாத உழைப்பு திறக்க முடியாத கோப்பாகிவிட்டது. அந்த வயிற்றெரிச்சலில்தான் ஓப்பன்டிரைவுக்கு வந்தேன். சிமுலேட்டர்களுக்காக வீதியை எழுதிவைக்கும் கோப்பு வடிவம் அது; 2006 இல் ஜெர்மனியில் வெளியானது. 2018 முதல் ஆசாம் என்ற தரநிலை அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே இருப்பது வெறும் எக்ஸ்எம்எல், அதாவது குறிச்சொற்களோடு எழுதிய சாதாரண எழுத்து. நோட்பேடில் திறந்து திருத்தலாம்.

வீதிக்கு ஓர் ஆதாரக் கோடு. அது நேர்கோடு, வில் (ஒரே சீரான வளைவு), சுருள் (சிறுகச் சிறுக இறுகும் வளைவு) என்ற துண்டுகளால் ஆனது. சுருளின் அருமை கொண்டை ஊசி வளைவில்தான் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலிருந்து, சுமோ என்ற போக்குவரத்து மென்பொருளின் நெட்கன்வர்ட் என்ற மாற்றுக் கருவி வழியாக எடுத்த முதல் வரைவில், வளைவு என்பது புள்ளிகளைக் கோட்டால் இணைத்ததுதான். ஸ்டீயரிங் வெட்டி வெட்டி இழுத்தது. சுருள், வில், சுருள் என்று கையால் எழுதிய பிறகே சக்கரம் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

உயரம்தான் என்னை அதிகம் அழவைத்தது. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். நம் வளைவுகளில் அந்த ஒரே கட்டத்துக்குள் மேல் வீதியும் கீழ் வீதியும் அடங்கிவிடுகின்றன. ஏறவேண்டிய இடத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கியது. கடைசியில், காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கைபேசியோடு நடந்தே அளந்தேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்கள், காணி அளக்க ஆள் வந்துவிட்டதென்று பயந்தே போனார்கள்.

முப்பது வருடம் இந்தப் பாதையில் பஸ் ஓட்டிய பெரியப்பாவை உட்காரவைத்தேன். இரண்டே வளைவு. "மகன், வளைவு சரி. ரோட்டுக்குச் சாய்வு எங்கே?" என்றார். வளைவில் வீதி பக்கவாட்டில் சாயும் அந்தச் சாய்வை எழுதும் இடம் கோப்பில் உண்டு. அவசரத்தில் 6 பாகை என்று நினைத்து 6 எனப் போட்டேன். அது பாகையல்ல, ரேடியன் என்ற வேறு கோண அலகைக் கேட்கும் இடம். 6 ரேடியன் என்றால் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 16 பாகைதான் குறைவு. வீதி எதிர்ப்பக்கம் 16 பாகை சரிந்து நின்றது. பெரியப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சரியான எண் 0.105.

குறைகளும் உண்டு. உள்வளைவில் வாய்க்காலையும் மண்மேட்டையும் தடங்களாகச் சேர்த்தால், அவற்றின் மொத்த அகலம் வளைவின் ஆரத்தைத் தாண்டிவிடுகிறது. தடங்கள் ஒன்றையொன்று வெட்டி முறுக்கிக்கொள்கின்றன. மண்மேட்டைத் தனி உருவமாக வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்தது, இடப்பக்கப் போக்குவரத்து என்று கோப்பில் குறிக்காவிட்டால் வலப்பக்கம் என்றே கொள்ளப்படும். குறித்த பிறகும் ஒரு மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாமல் எதிரே வரும் லொறியை நம் பக்கத்தில் அனுப்பியது. வடிவம் ஒன்றுதான், வாசிப்பவர்கள் பலவிதம். இஸ்மினி என்ற இலவச மென்பொருளில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே எந்தக் கோப்பையும் நிலையத்துக்குக் கொடுக்கிறேன்.

போன மழையில் ஒரு வளைவில் மண் சரிந்து பாதி வீதி மூடிக்கொண்டது. அன்று மாலையே வெளித்தடத்தின் அகலத்தைப் பதினைந்து மீட்டர் நீளத்துக்குள் சிறுகச் சிறுகப் பூச்சியமாக்கினேன். நான்கு வரித் திருத்தம். மறுநாள் காலை ஒரு மாணவி அதே இடத்தில், ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள்.