ஊருக்குள் வீடா, மலையடியில் அடுக்ககமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலையூரான கிரெஸ்டட் பியூட்டில் வீடு தேடுபவர்கள் செப்டம்பர் கடைசியில் போய்ப் பார்ப்பது நல்லது. பக்கத்திலுள்ள கெப்லர் கணவாயின் ஆஸ்பென் மரக்காடு பொன்னாக மின்னும் நேரம் அது. பனி இன்னும் மூடாததால் கூரை, அஸ்திவாரம், தண்ணீர் வடியும் பாதை எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

பழைய ஊர் 1880இல் நகராட்சியான சுரங்க ஊர். மர வீடுகள், எல்க் அவென்யூ கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம். சுற்றுலாக் கூட்டம் கலைந்த பிறகும் பக்கத்து வீட்டில் ஆள் இருப்பார்கள். எனக்கு இதுதான் பெரிது. ஆனால் பாரம்பரியப் பகுதி என்பதால் வெளித்தோற்றத்தை மாற்ற நகராட்சி ஒப்புதல் வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடவும் கட்டுப்பாடு உண்டு.

சுமார் 5 கிலோமீட்டர் மேலே, 1974இல் தனி நகராட்சியான மவுண்ட் கிரெஸ்டட் பியூட். பனிச்சறுக்குச் சரிவு பக்கத்திலேயே. அடுக்ககமென்றால் கூரைப் பனியை நீங்கள் அள்ள வேண்டாம். அதற்கு மாதாமாதம் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அக்டோபரில் சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்ட் ஓடாது, பல ஜன்னல்களில் விளக்கும் எரியாது.

ஆண்டு முழுக்கக் குடியிருக்க நான் ஊரைத்தான் சொல்வேன். சரிவுக்குப் போக இலவசப் பேருந்து இருக்கிறது.