மரியோவுக்கு 143 பிளாஸ்டிக் மணி: 24 நிற மினி ஃபியூஸ் பீட்ஸ் பெட்டி வாங்கலாமா?

ஃபியூஸ் பீட்ஸ் என்பது ஆணிப் பலகையில் படமாக அடுக்கி, அயர்ன் பாக்ஸால் உருக்கி ஒட்டவைக்கும் குட்டிக் குழாய் மணி. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ கேமில் சின்ன மரியோ அகலத்தில் 12 புள்ளி (பிக்சல்), உயரத்தில் 16 புள்ளி. நிறம் மூன்றுதான். நேராக நிற்கும் உருவத்துக்குப் புள்ளிக்கு ஒரு மணி என்று எண்ணினால் பழுப்பு 54, சிவப்பு 45, தோல் நிறம் 44, ஆக 143. 5 மி.மீ. மணியில் செய்தால் 8 செ.மீ. உயரம் வரும், சுவரில் ஒட்டலாம். 2.6 மி.மீ. மினி மணியில் 4 செ.மீ. சொச்சம்தான், கீ செயினுக்கு அளவெடுத்த மாதிரி. அதனால்தான் ஆன்லைனில் கிடைக்கும் மினி பெட்டிகளுக்கு இத்தனை கிராக்கி.

இங்கே பார்ப்பது பிராண்டு பெயர் எதுவும் இல்லாத 24 அறைப் பெட்டி. உள்ளே 52க்கு 52 ஆணி உள்ள ஒளி ஊடுருவும் பெக் போர்டு (மணியைச் செருகி அடுக்கும் பலகை) ஒன்று, வளைந்த முனை ட்வீசர் ஒன்று, அயர்ன் செய்ய நான்கு தாள், கொஞ்சம் கீ செயின் வளையம்.

போர்டும் ட்வீசரும் கொடுத்த காசுக்கு மேல். போர்டு ஒளி ஊடுருவுவதால் மாதிரித் தாளை அடியில் வைத்து மேலே மணியை அடுக்கிக்கொண்டே போகலாம். அச்செடுக்கும்போது மட்டும், படத்தைத் தாளுக்கு ஏற்ப அளவு மாற்றும் ‘ஃபிட் டு பேஜ்’ அணைத்திருக்க வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால் முதல் பத்து வரிசை சரியாக வருவது போலத் தெரியும், முப்பதாவது வரிசையில் கட்டம் ஒரு பக்கம், ஆணி ஒரு பக்கம். 52 கட்டம் அடிக்கோலில் 135 மி.மீ. காட்டினால் தாள் சரி.

பிரச்சினை மணியில் இருக்கிறது. அளவு ஒன்றுபோல இல்லை. குழாயைச் சாய்த்து நறுக்கியதில் சில மணி குட்டை, சில நெட்டை. பார்வைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அயர்ன் பாக்ஸின் தட்டு நெட்டை மணிகளின் தலையில் உட்கார்ந்துவிடும், நடுவில் நிற்கும் குட்டை மணிக்குச் சூடே போகாது. ஆறியதும் மரியோவின் கண் மட்டும் கழன்று மேசையில் உருளும். அடுக்கும் முன் ஒரு பிடி மணியைத் தட்டில் கொட்டி, சாய்ந்த வெட்டையும் குட்டையையும் பொறுக்கி எறிவதுதான் வழி. அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான், வேறு குறுக்குவழி இல்லை.

அடுத்தது எண்ணிக்கை. அறைக்கு 200 சொச்சம் மணி. நிறையத்தான், ஆனால் பழுப்பு 54 வீதம் போனால் மூன்று மரியோவிலேயே அறை துடைத்தாற்போல் ஆகிவிடும். தோல் நிறமோ பெட்டியில் இல்லவே இல்லை. இருப்பது குழந்தை பொம்மைப் பிங்க்கும் வெளிர் மஞ்சளும். விளையாட்டில் வருவது ஆரஞ்சு கலந்த நிறம், சட்டையும் முடியும் பச்சை ஓடிய பழுப்பு. பிங்க் முகம் வைத்தால் தொப்பி போட்ட யாரோ ஒருவர், மரியோ இல்லை. 1981-இல் டாங்கி காங் என்ற விளையாட்டுக்காக இந்த உருவத்தை வரைந்தபோதே, முடியை வரையாமல் தப்பிக்கத் தொப்பியும், வாயை வரையாமல் தப்பிக்க மீசையும் வைத்தார்கள். அவ்வளவு சிக்கனமான படத்தில் ஒரு நிறம் பிசகினாலும் ஆளே மாறிவிடுவார்.

உருக்கும் வேலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெட்டியோடு வரும் விளக்கத்தாள் ‘போர்டின் மேலேயே அயர்ன் செய்யவும்’ என்கிறது. இரண்டு மூன்று முறையில் போர்டு வளைந்துவிடும், ஆணிகள் சாயும். அதற்குப் பதில் அடுக்கி முடித்ததும் மேலே அகலமான மாஸ்கிங் டேப்பைப் பட்டை பட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஒட்டி, விரலால் நன்றாகத் தேய்க்க வேண்டும். மணி ஓட்டைகளுக்கு நேராக டேப்பில் ஊசியால் குத்துவது நல்லது, உள்ளே மாட்டிக்கொள்ளும் சூடான காற்று வெளியேற வழி வேண்டுமே. அப்படியே கவிழ்த்துப் போர்டை மட்டும் மெல்லத் தூக்கினால் மணிகள் டேப்போடு நிற்கும். டேப் கீழே, மணி மேலே.

அயர்ன் பாக்ஸில் தண்ணீர் இருக்கக் கூடாது, நீராவி அணைந்திருக்க வேண்டும், சூடு நடுத்தரம். மணியின் மேல், கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் பேப்பர். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வரைபட பட்டர் பேப்பர் வேண்டாம், அதில் சிலிக்கான் பூச்சு இல்லாததால் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். 10 முதல் 15 விநாடி வட்டமாக நகர்த்தி, தாளைத் தூக்கிப் பார்த்து, தேவையானால் மறுபடி. ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் நீராவித் துளைகளுக்கு நேரே உள்ள மணி உருகாமல் நிற்கும், சுற்றியுள்ளது கூழாகும். ஓட்டை பாதி மூடினால் போதும். பிறகு டேப்பை உரித்து மறுபக்கமும் அதே மாதிரி. டேப்பின் மேலேயே அயர்ன் வைத்தால் பசை உருகி மணியில் ஏறும், அப்புறம் சுரண்டினாலும் போகாது.

சூடு ஆறும் முன் கையில் எடுக்காதீர்கள். ஒரு பக்கம் அதிகம் உருகிச் சுருங்குவதால் அப்பளம் மாதிரி வளையும். தாளோடு சேர்த்துத் தடித்த புத்தகத்தின் அடியில் வைத்து, முழுக்க ஆறியபின் எடுத்தால் தட்டையாக வரும். கீ செயின் துளையை மட்டும் சூடு இருக்கும்போதே தொப்பியின் இரண்டாவது வரிசையில் ஊசியால் போட்டுவிட வேண்டும். உச்சி வரிசையில் போட்டால் விளிம்பு மெலிந்து பிய்த்துக்கொள்ளும்.

இந்தப் பெட்டிக்கு நிறம் சேர்க்க வேறு பிராண்டு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டென்மார்க்கின் ஹாமா மினி 2.5 மி.மீ., சீனாவின் ஆர்ட்கல் மினி 2.6 மி.மீ. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஒரே படத்தில் கலந்தால் உருகும் நேரமும் உயரமும் ஒத்துவராது. ஆர்ட்கலிலேயே 2.6 மி.மீ.-இல் கடின வகை, மென்வகை என இரண்டு உண்டு. கீ செயினுக்குக் கடினம்தான் சரி, மென்வகை வளைந்து கொடுக்கும். ஒரு படம் முழுக்க ஒரே பிராண்டு, ஒரே வகை என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

ஆகவே இந்தப் பெட்டியை போர்டு, ட்வீசர், பழகுவதற்குக் கொஞ்சம் மணி என்ற கணக்கில் வாங்கலாம். மேகம், புதர் மாதிரி ஒரு சில நிறப் படங்களுக்கு இதில் உள்ளதே போதும். அந்த விளையாட்டில் இரண்டும் ஒரே வடிவம்தான், வெள்ளையும் பச்சையும் மாற்றினால் ஆச்சு. மரியோவுக்கு மட்டும் சிவப்பு, பழுப்பு, தோல் நிறம் மூன்றையும் நல்ல பிராண்டில் தனிப் பொட்டலமாக வாங்குங்கள். செய்து நண்பருக்குக் கொடுப்பது வேறு, ஸ்டால் போட்டு விற்பது வேறு. உருவத்தின் உரிமை நிண்டெண்டோவிடம் இருக்கிறது.

பெட்டியின் மூடி அறைத் தடுப்புகளை முழுசாகத் தொடுவதில்லை. பக்கவாட்டில் நிறுத்தி வைத்தால் 24 நிறமும் ஒன்றாகிவிடும். படுக்கையாகவே வையுங்கள், சுற்றி இரண்டு ரப்பர் பேண்ட். சின்னக் குழந்தைகள் உள்ள வீடு என்றால் அலமாரியின் மேல்தட்டில், வாய்க்குள் போகிற அளவு இது.