ஓவர்டிராப்ட் (ஓடி) கணக்கு வைத்திருப்பவர்களே, "டிஓடி போட்டுடுறேன்" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள்

சிவகாசியில் சின்னதாக ஓர் ஆப்செட் அச்சகம் நடத்துகிறேன். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து ஒரு வங்கியில் 15 லட்சத்துக்கு ஓவர்டிராப்ட், அதாவது அந்த லிமிட் வரை வேண்டும்போது எடுத்து, கையில் வரும்போது கட்டும் கடன். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட வட்டி தவறியதில்லை. காலண்டர் வேலைக்குப் பேப்பர் வாங்கிப் போடுவதால் ஜூன், ஜூலையில் கணக்கு விளிம்பு வரை போகும், தீபாவளி கழிந்து இறங்கும். வங்கிக்கும் இது தெரியும்.

கடந்த ஜூன் 30 அன்று பாக்கி 14,80,000. மாதக் கடைசி வட்டி 13,000 விழுந்தது, அது தெரிந்த கணக்கு. கூடவே 18,500 ரூபாய், ஆயுள் காப்பீட்டு பிரீமியம் என்று போயிருந்தது. நான் எந்த பாலிசியும் கேட்கவில்லை. ஓடியைப் புதுப்பிக்கக் கையெழுத்து வாங்கிய காகிதக் கட்டுக்குள் அந்த விண்ணப்பத்தையும் செருகியிருக்கிறார்கள். லிமிட்டைத் தாண்டி 11,500.

மறுநாளே கிளைக்குப் போனேன். "அண்ணாச்சி, உங்க கணக்குல இதெல்லாம் ஒரு விஷயமா? டிஓடி போட்டுடுறேன், பாலிசியையும் ரத்து பண்ணிடலாம்" என்றார் கடன் பிரிவு அதிகாரி. டிஓடி என்றால் தற்காலிக ஓவர்டிராப்ட், லிமிட்டைச் சில நாளைக்கு உயர்த்தித் தருவது. நம்பி வந்துவிட்டேன். ஜூலை வட்டியை விழுந்த மறுநாளே கட்டினேன். பிரீமியம் ஆகஸ்ட் 16-ல் திரும்பி வந்தது. கணக்கு லிமிட்டுக்குள் இறங்கியது. முடிந்தது என்றிருந்தேன்.

செப்டம்பரில் மெஷின் கடனுக்கு வேறொரு வங்கிக்குப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. 771 இருந்த சிபில் ஸ்கோர் 694. ஓடி கணக்குக்கு நேரே 47 நாள் நிலுவை. என் கிளையின் கடன் பிரிவு அதிகாரி டிஓடியைப் பதிவே செய்யவில்லை. முறையாக அனுமதித்திருந்தால் லிமிட் தற்காலிகமாக உயர்ந்திருக்கும்.

பலருக்கும் தெரியாதது இதுதான். ஓடியில் தவணை கிடையாது, ஆகவே தவறுவதற்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி தொடர்ந்து லிமிட்டுக்கு மேலேயே நின்றால் அந்த நாட்களைத்தான் எண்ணுவார்கள். 30 நாள் தாண்டினால் எஸ்எம்ஏ-1, 60 தாண்டினால் எஸ்எம்ஏ-2 (இரண்டும் வாராக்கடனுக்கு முந்தைய எச்சரிக்கைப் படிகள்), 90 தாண்டினால் வாராக்கடன். மீறிய தொகை பெரிதா சிறிதா என்பது இந்த எண்ணிக்கையில் வராது. இடையில் ஒருநாள் லிமிட்டுக்குள் இறங்கியிருந்தால்கூட எண்ணிக்கை அறுந்திருக்கும். ஜூலை வட்டியை முன்கூட்டியே, 30-ம் தேதி கட்டியிருந்தால் பாக்கி 14,98,500 ஆகியிருக்கும். இதை ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இன்னொன்று. வங்கிகள் 15-ம் தேதி, மாதக் கடைசி என்று இரண்டு நாள் நிலவரத்தை சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. மாதக் கடைசியில்தான் வட்டியும் விழுகிறது. அந்த வட்டிக்கும் மேல் ஒரு இருபதாயிரத்துக்கும் லிமிட்டில் இடம் விட்டு வையுங்கள். அச்சகமோ கடையோ உங்கள் ஒருவர் பெயரில் நடந்தால், அதன் ஓடி உங்கள் சொந்த சிபிலில்தான் ஏறும். வீட்டுக் கடன் கேட்டாலும் அது வந்து நிற்கும்.

டிஓடி கேட்டால் கடிதமாகக் கொடுத்து, அனுமதியை ஈமெயிலில் வாங்குங்கள். புதுப்பிக்கும்போது ஒவ்வொரு காகிதத்தையும் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், பின்னால் வரிசை நின்றாலும் சரி. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான் ஒன்றையும் வாங்கிப் பார்த்ததில்லை.

திருத்தம் கேட்டு வங்கிக்கும் சிபிலுக்கும் எழுதினேன். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது விதி. "லிமிட் மீறியது உண்மையே" என்று வங்கி பதில் போட்டது, எதனால் மீறியது என்பதற்கு ஒரு வரி இல்லை. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணையில் இருக்கிறது. மெஷின் கடன் வரவில்லை. இந்த சீசன் பழைய மெஷினிலேயே ஓடுகிறது.